பயனாளி எனப்படும் மனைவி

அமெரிக்கக் குடியேற்றத் துறையின் படிவங்களில் ஐ-864 என்று ஒன்று இருக்கிறது. ஆதரவு உறுதிமொழிப் பத்திரம் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் ஒருவர் தன் கணவனையோ மனைவியையோ நிரந்தரமாகத் தன்னிடம் அழைத்துக்கொள்ள விரும்பினால் இதில் கையெழுத்திட வேண்டும். வருகிறவரை நான் காப்பாற்றுவேன், அவர் அரசின் உதவித்தொகைக்குக் கையேந்த மாட்டார் என்று அரசிடம் கொடுக்கும் வாக்கு அது. வாக்கு மட்டும் போதாது. வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வேலைக்கான சான்று எல்லாம் இணைக்க வேண்டும்.

கவிதையையும் நாவலையும் பெண்ணிய நோக்கில் வாசிக்க நமக்கு இப்போது ஓரளவு பயிற்சி வந்துவிட்டது. எந்த நாவலைவிடவும் நேரடியாக ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கும் அரசுப் படிவங்களை மட்டும் நாம் வாசிப்பதில்லை, நிரப்புகிறோம். பல வீடுகளில் நிரப்புகிற வேலையையும் கணவன்தான் செய்கிறான். புலம்பெயர்ந்த பெண்களைப் பற்றி எழுதப்படும் கதைகளில் பனியும் தனிமையும் சமையலறை ஜன்னலும் வரும் அளவுக்குக் கோப்புகள் வருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. அந்தக் குறையை வைத்துக்கொண்டுதான் இந்தப் படிவத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

முதலில் கணக்கு. 2025ஆம் ஆண்டுக்கு அமெரிக்க அரசு வகுத்த வறுமை வரையறைப்படி இருவர் கொண்ட குடும்பத்துக்கு 21,150 டாலர். ஆதரவாளரின் ஆண்டு வருமானம் அதில் 125 விழுக்காடு, அதாவது 26,437 டாலராவது இருக்க வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தால் 33,312. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் அளவு வேறு. ராணுவப் பணியில் இருப்பவர் தன் மனைவியை அழைத்தால் 100 விழுக்காடு போதும். (நம் ஊரில் 125 என்ற எண்ணுக்கு வேறொரு நினைவு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்றால் ஜீவனாம்சம். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவாகிவிட்டது, ஆனால் நீதிமன்ற வாசலில் நிற்கும் பெண்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள்.)

வருமானம் குறைந்தால் சொத்தைக் காட்டலாம். குறைகிற தொகையைப் போல் ஐந்து மடங்கு காட்ட வேண்டும் என்பது பொது விதி. அழைக்கிறவர் குடிமகனாக இருந்து, வருகிறவர் அவருடைய மனைவியாகவோ கணவனாகவோ இருந்தால் மூன்று மடங்கு போதும். அதுவும் இல்லையென்றால் வருமானமுள்ள வேறொருவர் கூட்டு ஆதரவாளராகத் தனிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.

இந்தப் பிரதியில் யார் யாரோடு பேசுகிறார்கள்? அரசு பேசுகிறது. ஆதரவாளரைப் பார்த்து ‘நீங்கள்’ என்கிறது. வருகிறவள் முழுக்கப் படர்க்கையில் இருக்கிறாள். அவளுடைய பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்கப்படுகின்றன, கையெழுத்து கேட்கப்படுவதில்லை. அவளைப் பற்றிய ஒப்பந்தம்தான் இது. என்றாலும் அரசும் அவளுடைய கணவனும் மட்டுமே செய்துகொள்கிறார்கள். பெண்ணைக் கேட்காமல் மாமன்மார் இருவர் தட்டு மாற்றிக்கொள்ளும் நிச்சயதார்த்தம் என் நினைவுக்கு வந்தது.

சொற்களையும் கவனிக்க வேண்டும். இந்தப் பத்திரத்துக்கு முன்பே தாக்கல் செய்யப்படும் ஐ-130 மனுவில் கணவன் மனுதாரர், மனைவி பயனாளி. தமிழ்நாட்டில் பயனாளி என்ற சொல்லை நாம் எங்கே கேட்கிறோம்? இலவச மிக்சி, முதியோர் உதவித்தொகை, தொகுப்பு வீடு. பெறுவதற்காக வரிசையில் நிற்கும் ஆள்தான் பயனாளி, கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது என்பது அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். ஆங்கிலத்தில் ஸ்பான்சர், ஸ்பவுஸ் ஆகிய இரு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான், சத்தியம் செய்து கொடுப்பதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டில் ஒன்று பிணை நிற்பவனுக்குப் போயிற்று, மற்றது வாழ்க்கைத் துணையைக் குறித்தது. இந்தப் படிவத்தில் இரண்டும் மறுபடி ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. யார் துணையோ அவரே பிணை.

சட்டம் ஆண் பெண் பேதம் பார்க்கவில்லையே, மனைவியும் கணவனை அழைக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். உண்மைதான், படிவத்தில் ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ இல்லை. ஆனால் வருமானம் என்ற ஒற்றை அளவுகோலை வைத்த பிறகு பேதத்தைத் தனியாக எழுத வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பகுதிநேர வேலைக்குப் போகும் பெண், நோயாளித் தாயைக் கவனிப்பதற்காக வேலையை விட்ட பெண், கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கும் பெண் ஆகியோர்தான் இந்த அளவுகோலுக்குக் கீழே முதலில் விழுகிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை இருந்தும் அவர்களால் கணவனை அழைக்க முடியாது, சகோதரனோ மாமாவோ பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டனில் இதே விதி இன்னும் கடுமையானது. 2012 ஜூலையில் 18,600 பவுண்டாக வைத்த எல்லையை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கினார்கள். ஊரிலிருந்து துணையை அழைக்கக் காத்திருக்கும் லண்டன் ஈழத்தமிழ்ப் பெண்களுக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்கும்.

என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி, ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தவள், திருமணத்துக்குப் பிறகு ஒரு சான்றிதழ் விஷயமாக என்னைப் பார்க்க வந்தாள். மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். சொந்தத் தொழில் தொடங்கி இரண்டாம் ஆண்டு, வரிக் கணக்கில் வருமானம் குறைவு. தன்னுடைய சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால் எல்லையைத் தாண்டிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். பணி அனுபவத்தையும் ஊதியத்தையும் உறுதிசெய்து கல்லூரியிலிருந்து கடிதம் வாங்க வேண்டும், அதற்கு வாசகம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். நான் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தால் பயனில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. வருகிறவரின் வருமானத்தைச் சேர்க்கலாம்தான், ஆனால் நிரந்தரக் குடியிருப்பு கிடைத்த பிறகும் அதே இடத்திலிருந்து அது தொடர்ந்து வர வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி அமெரிக்காவுக்குச் சம்பளம் அனுப்புமா? அவளுடைய ஆறு ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் பூஜ்யமாயிற்று. அவளுடைய பட்டங்களுக்கும் அனுபவத்துக்கும் அங்கே போனதும் கிடைக்கக்கூடிய வேலைக்கும் இந்தக் கணக்கில் இடம் இல்லை.

அதே வேளையில், அவளுடைய சொத்துக்கு இடம் உண்டு. வருகிறவரின் பெயரில் உள்ள சேமிப்பு, பங்கு, நிலம், வீடு ஆகியவற்றை ஓராண்டுக்குள் பணமாக்க முடியுமென்றால் காட்டலாம். கணவனின் வருமானம் 22,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குறைவது 4,437. மூன்று மடங்கு 13,311 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றால் பதினொரு லட்சத்துக்கு மேல். அப்பா மகள் பெயரில் வாங்கிப்போட்ட மனை, வங்கி வைப்புத்தொகை என்று ஒரு நடுத்தரக் குடும்பம் சீதனமாகக் கொடுக்கக்கூடிய தொகைதான். பெண் கொண்டுவரும் பொருள் மதிக்கப்படும், பெண் செய்யும் வேலை மதிக்கப்படாது. மதுரையில் பெண் பார்க்க வருகிறவர்களும் வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். அங்கே போய் அவள் சமைக்கப்போவதையும் பிள்ளை வளர்க்கப்போவதையும் கணவனின் தொழிலுக்குக் கணக்கு எழுதப்போவதையும் பற்றிப் படிவம் ஒரு கட்டத்திலும் கேட்பதில்லை. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் அவள் ஒன்றைக் கூட்டுகிறாள். அந்த ஒன்றால் தேவைப்படும் தொகை ஏறுகிறது. அவள் செய்யும் ஒரே காரியம் அதுதான்.

அதே எண்ணிக்கையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கணவன் இதற்கு முன் வேறொரு மனைவிக்கு இப்படிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்து, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால், விவாகரத்தாகிப் போன அந்தப் பெண்ணையும் குடும்பக் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் மனைவி ஓர் எண்ணாக அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நம் நாவலாசிரியர்கள் யாராவது இந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், பொதுச் சுமையாகிவிடக்கூடியவர்களைக் கரையிறங்க விடக்கூடாது என்றது. எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய பெண்கள் மீது அந்தச் சொல் எப்படி விழுந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தனியாக வந்த பெண்ணைக் கணவனோ அப்பாவோ அண்ணனோ வந்து அழைத்துப்போகும்வரை நிறுத்தி வைத்தார்கள். திருமணமாகாமல் கருவுற்றிருந்தவள் சுமை என்று திருப்பி அனுப்பப்பட்டாள். உழைக்கும் கைகள் இருந்தும், ஆண் துணை இல்லாதது வறுமைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1907இல் வந்த ஒரு சட்டம் வெளிநாட்டானை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையையே பறித்தது. அதைப் பெரும்பகுதி சரிசெய்ய 1922 வரை ஆயிற்று. இன்றைய ஐ-864 பிறந்தது 1996இல். ஏழைத் தாய்மார்களுக்கான உதவித்தொகை முறையை கிளிண்டன் அரசு அடியோடு மாற்றியதும் அதே ஆண்டுதான். உள்நாட்டு ஏழைத் தாயைப் பார்த்து, உனக்குச் சோறு போடுவது அரசின் வேலை இல்லை என்றவர்கள், வருகிற மனைவியைப் பார்த்து, உனக்குச் சோறு போட ஒருவன் எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். இரண்டும் ஒரே கை எழுதிய வரிகள்.

தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவளுக்கு இங்கே பொருள்வயிற் பிரிவு நினைவுக்கு வராமல் இருக்காது. பாலைத்திணைத் தலைவன் பொருள் தேடிப் போகிறான், தலைவி காத்திருக்கிறாள். கடல்கடந்த செலவில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் விதித்ததும் நமக்குத் தெரியும். இந்த விதியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள், வகுப்பில் பாதிப்பேருக்கு சிங்கப்பூரிலோ டெக்சாஸிலோ அக்கா இருப்பாள். இன்று வழக்கம் மாறியிருக்கிறது, காத்திருப்பு மாறவில்லை. அன்று பொருள் தேடி முடித்ததும் தலைவன் திரும்பி வந்தான். இன்று பொருள் தேடி முடித்ததை அவன் ஓர் அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டும், அதுவரை தலைவி மாமியார் வீட்டில் இருக்கிறாள். பாடல்களில் பிரிவுக்குக் காரணம் கேட்கத் தோழி இருந்தாள், இடித்துச் சொல்லவும் செய்தாள். வரிக் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டதால் ஆவணங்கள் திரும்பி வந்தன என்றால் யாரை இடித்துச் சொல்வது?

என் மாணவிக்குக் கடைசியில் கூட்டு ஆதரவாளராக நாத்தனார் கையெழுத்திட்டார். நல்ல மனுஷி, மருத்துவமனையில் செவிலியர், தன் குடும்பத்தோடு இவளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் எல்லையைத் தாண்டும் சம்பளம். ஆனால் நம் குடும்பங்களில் கையெழுத்து வெறும் கையெழுத்தாக இருப்பதில்லை. செஞ்சோற்றுக் கடனாகிவிடும். நாத்தனாரின் பிரசவத்துக்கு மூன்று மாதம் போய் இருந்தது, வார இறுதிகளில் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் கையெழுத்து நின்றது. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை என்று அவள் சொன்னாள். கேட்கத் தேவையில்லாமல் இருப்பதுதான் இப்படியான கடனின் பலம்.

இதுவரை சொன்னது படிவத்தின் ஒரு முகம். அதன் இன்னொரு முகத்தைப் பற்றிப் பேசத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

ஐ-864 சட்டப்படி செல்லுபடியாகும் ஒப்பந்தம். கணவன் வாக்குக் கொடுப்பது அரசுக்கு என்றாலும், அதை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போடும் உரிமை வந்தவளுக்கு உண்டு. விவாகரத்தால் இந்தப் பொறுப்பு முடிவதில்லை, படிவமே அதைச் சொல்கிறது. அவள் அமெரிக்கக் குடிமகளானால் முடியும். சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு, ஏறக்குறைய பத்தாண்டு, அவள் பெயரில் சேர்ந்தால் முடியும். அவள் குடியிருப்புரிமையை விட்டு நாட்டைவிட்டு நீங்கினாலோ, இருவரில் ஒருவர் இறந்தாலோ முடியும். அவ்வளவுதான். 2012இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு முன்னாள் கணவன், அவள் வேலை தேட முயலவில்லை, ஆகவே நான் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதிட்டபோது, நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதை ஏற்கவில்லை. 2016இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம், திருமணத்துக்கு முன் எழுதி வாங்கிய ஜீவனாம்ச மறுப்பு ஒப்பந்தம்கூட இந்தப் பொறுப்பை அழிக்காது என்றது. பிரிந்த பின் வளர்ந்த மகனோடு அவள் வாழ்ந்தாலும் மகனின் வருமானத்தைக் காட்டிக் கணவன் தப்ப முடியாது என்றும் சொன்னது. தனியாக வாழும் பெண்ணுக்கு 2025 கணக்கில் இது ஆண்டுக்கு 19,562 டாலர். அவளுக்கென்று வருமானம் இருந்தால் அதைக் கழித்து மீதி.

பெண்களுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று கொண்டாட நான் தயாரில்லை. போஸ்னரின் தர்க்கத்தைக் கவனியுங்கள். இந்தப் பத்திரத்தின் நோக்கம் வந்தவர் பொதுச் சுமையாகாமல் தடுப்பது, அவர் வேலை தேட வேண்டும் என்ற நிபந்தனை அந்த நோக்கத்துக்கு உதவாது என்பதே அதன் சாரம். அவளுடைய இத்தனை ஆண்டு வீட்டு உழைப்புக்கு ஈடு என்று யாரும் சொல்லவில்லை. அரசின் கருவூலத்தைக் காக்கக் கட்டிய வேலியின் நிழலில் அவளுக்கும் ஒதுங்க இடம் கிடைத்தது. நிழல் நிழல்தான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம், மொழி, இருக்க ஓர் இடம் எல்லாம் இருந்தால்தான் அங்கே போய் நிற்கவும் முடியும்.

இந்த உரிமை அவளிடம் சொல்லப்படுவதில்லை என்பதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு. படிவம் அவளோடு பேசாததன் விளைவு இது. சொல்லப்படாத இடத்தில் பொய் வந்து உட்காருகிறது. ஸ்பான்சர்ஷிப்பை வாபஸ் வாங்கிவிடுவேன், நாளைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டலைக் கேட்காத புலம்பெயர் பெண்கள் குறைவு. விண்ணப்பம் முடிவாகும்வரை அவன் பத்திரத்தைத் திரும்பப் பெறலாம், அது உண்மை. அவளுக்கு நிரந்தரக் குடியிருப்பு கிடைத்த பிறகு அவனால் திரும்பப் பெற முடியாது, அதுவும் உண்மை. முதல் உண்மை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன் அந்தக் கார்டு கிடைத்திருந்தால் அது நிபந்தனைக்குட்பட்டது. நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவன் சொல்லியிருப்பான். விவாகரத்தானாலோ வன்முறைக்கு ஆளானாலோ அவள் தனியாகவே விண்ணப்பிக்கலாம் என்பதைச் சொல்லியிருக்கமாட்டான். கிரீன் கார்டு கிடைக்கும் முன்பே அடி உதைக்கு ஆளானவள், பெண்களுக்கு எதிரான வன்முறை தொடர்பான 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கணவனுக்குத் தெரியாமல் தானே மனுச் செய்யலாம். அந்த வழியில் ஐ-864 தேவையே இல்லை. அரசு அந்த ஓரிடத்தில் மட்டும், ஆண் பிணை இல்லாமல் ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறது. அதற்கு அவள் அடிபட்டிருக்க வேண்டும்.

எச்-4 விசாவில் போகும் நம் பெண்களின் கதை வேறு. அவர்களுக்கு இந்தப் பத்திரம் இல்லை, பெரும்பாலோர்க்கு வேலை செய்யும் அனுமதியும் இல்லை. 2015 முதல்தான் அதில் ஒரு பகுதியினருக்கு வழி திறந்தது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இந்த ஆண்டு முதுகலை வகுப்பில் பிரதி வாசிப்புக்கான பயிற்சியாக ஐ-864ஐக் கொடுத்தேன். துறையில் சிலருக்கு இது இலக்கியமா என்ற சந்தேகம். மாணவிகளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. ஒருத்தி படிவத்தில் மனைவி எழுவாயாக வரும் வாக்கியங்களைத் தேடி எண்ண ஆரம்பித்தாள். அவள் குடிமகளாகிறாள், உழைத்துக் காலாண்டுகளைச் சேர்க்கிறாள், நாட்டைவிட்டு நீங்குகிறாள், இறக்கிறாள். கணவனின் பொறுப்பு முடிகிற இடங்களில்தான் அவள் எழுவாயாகிறாள் என்று அந்தப் பெண் கண்டுபிடித்தாள். நான் பார்க்காத இடம் அது. இன்னொருத்தி கேட்டது நடைமுறைக் கேள்வி: இந்தப் பத்திரத்தின் நகல் மனைவியிடம் இருக்குமா? யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள். ஆனால் மும்பையில் துணைத்தூதரக நேர்காணலுக்குப் போகிற அன்று கணவனின் வரிக் கணக்கும் சம்பளச் சீட்டும் உறுதிமொழிப் பத்திரமும் அடங்கிய கோப்பு பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கிறது. முந்தின நாள் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிடம் போதும்.